குக் கவுண்டியின் சிறையும் சிறார் நீதிமன்றமும்: செலவு யார் கணக்கில்?

குக் கவுண்டி என்பது அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் சிகாகோ நகரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் உள்ளடக்கிய ஆட்சிப் பகுதி. உலகின் முதல் சிறார் நீதிமன்றம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் நீதிமன்றம் 1899 ஜூலை 3 அன்று இங்குதான் முதன்முதலாகக் கூடியது. பாடநூல்களில் இச்செய்தி ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த நீதிமன்றத்தைத் தோற்றுவித்த சட்டம், அதன் ஊழியர்களுக்குப் பொதுப் பணத்திலிருந்து ஒரு டாலர்கூடச் சம்பளம் தரக்கூடாது என்றும் சொல்லியிருந்தது பலருக்குத் தெரியாது. நீதிமன்றம் பிறந்த அன்றே தொடங்கிய இந்தப் பணச் சிக்கல் நூறாண்டுகளுக்கு மேலாகப் பல வடிவங்களில் தொடர்ந்து வருகிறது.

கவுண்டி என்றால் என்ன?

கவுண்டி என்பதை 'மாவட்டம்' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் நம் மாவட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இந்த வரலாறு புரியாது. தமிழ்நாட்டில் சிறைகளை நடத்துவது மாநில அரசின் சிறைத்துறை. மாவட்ட ஆட்சியரை நியமிப்பதும் அரசுதான். அமெரிக்கக் கவுண்டிக்கோ மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆணையர் மன்றம் உண்டு. குக் கவுண்டி மன்றத்தில் இப்போது 17 ஆணையர்கள் இருக்கிறார்கள். தலைவர் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். சொத்து வரி, விற்பனை வரி ஆகியவற்றைக் கொண்டு சிறை, நீதிமன்றக் கட்டடங்கள், ஏழைகளுக்கான மருத்துவமனை போன்றவற்றின் செலவை இந்த மன்றம் ஏற்கிறது.

சிறையை நடத்துபவர் ஷெரிப். அவரும் மக்களால் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். மன்றத்தின் ஊழியர் அல்லர். யாரைச் சிறையில் வைப்பது, யாரைப் பிணையில் விடுவது என்று முடிவு செய்பவர் நீதிபதி. நீதிபதியின் சம்பளம் மாநில அரசிடமிருந்து வருகிறது. ஆக, உள்ளே அனுப்புபவர் ஒருவர், சாவியை வைத்திருப்பவர் இன்னொருவர், கணக்கைத் தீர்ப்பவர் மூன்றாமவர். மேலே மாநிலச் சட்டமன்றம் வேறு இருக்கிறது. குக் கவுண்டியின் சிறை வரலாற்றில் நடந்த பெரும்பாலான மோதல்களுக்கு இந்த அமைப்பே அடிப்படை.

சிறைக்குள் சிறுவர்கள்

1899-க்கு முன் இலினாயில் பத்து வயதைத் தாண்டிய சிறுவன் குற்றம் செய்தால் பெரியவர்களுக்கான சட்டப்படியே விசாரிக்கப்பட்டான். அபராதம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அதற்கு ஈடாகச் சிறையில் நாள்களைக் கழித்தார்கள். ரயில் பாதையோரம் நிலக்கரி பொறுக்கியவனும் கத்திக்குத்து வழக்கில் சிக்கியவனும் ஒரே கூடத்தில் இருந்தார்கள்.

இதைக் கண்டு பொறுக்காதவர்களில் முன்னணியில் நின்றவர்கள் பெண்கள். அவர்களுக்கு அப்போது பொதுத் தேர்தல்களில் முழு வாக்குரிமைகூட இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தில் வாழ்ந்த ஜூலியா லாத்ராப், 1893-இல் மாநில அறநிலைய வாரியத்தின் உறுப்பினரானார். இலினாயின் 102 கவுண்டிகளிலும் உள்ள ஏழையர் விடுதிகளையும் சிறைகளையும் நேரில் போய்ப் பார்க்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். சிகாகோ மகளிர் மன்றத்தைச் சேர்ந்த லூசி ஃபிளவர், சிறைக்குள் இருந்த சிறுவர்களுக்குப் பள்ளி நடத்த ஏற்பாடு செய்தார். இவர்களும் சிகாகோ வழக்கறிஞர் சங்கமும் சேர்ந்து தயாரித்த சட்ட முன்வரைவு 1899 ஏப்ரல் 21 அன்று சட்டமானது.

சட்டத்தின் சாரம் இதுதான்: 16 வயதுக்குட்பட்டவர்களின் வழக்குகளைத் தனி நீதிபதி விசாரிப்பார்; தண்டிப்பது நோக்கமல்ல, பெற்றோர் இடத்தில் நின்று வழிநடத்துவதே நோக்கம்; 12 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிறையிலோ காவல் நிலையத்திலோ அடைக்கக்கூடாது. தனி நீதிமன்ற அறை என்ற ஏற்பாடு 5 இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுண்டிக்கு மட்டும். அப்படிப்பட்ட கவுண்டி மாநிலத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நீதிபதி ரிச்சர்ட் டட்ஹில் முன் முதலில் வந்தவன் 11 வயதுச் சிறுவன். திருட்டுக் குற்றச்சாட்டு. அவனை எந்த நிறுவனத்துக்கும் அனுப்பாமல், நியூயார்க் மாநிலத்தில் இருந்த பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சம்பளம் இல்லாத அலுவலர்கள்

சிறுவனை வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் போதாது; அவன் பள்ளிக்குப் போகிறானா, வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நன்னடத்தை அலுவலர். சட்டம் அந்தப் பதவியை உருவாக்கியது, ஆனால் பொதுக் கருவூலத்திலிருந்து ஊதியம் கிடையாது என்று வெளிப்படையாக எழுதியது. இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. செலவு வைக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் ஏற்காது என்பது ஒன்று. சம்பளம் உள்ள பதவி என்றால் கட்சிக்காரர்கள் தங்கள் ஆட்களைப் புகுத்திவிடுவார்கள் என்று சீர்திருத்தவாதிகளே அஞ்சினார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது அச்சம் வீண்போகவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் அலுவலராகப் பணியாற்றியவர் ஹல் ஹவுஸைச் சேர்ந்த ஆல்சினா ஸ்டீவன்ஸ். இவர் இளமையில் ஆலைத் தொழிலாளியாக வேலை செய்து, பிறகு தொழிற்சங்கத் தலைவரானவர். அவருக்குப் பின் வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பெண்கள் சேர்ந்து 'சிறார் நீதிமன்றக் குழு' ஒன்றை அமைத்து வீடு வீடாக நன்கொடை திரட்டினார்கள். லாத்ராப்பும், அவருக்குப் பின் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த லூயிஸ் டிகோவன் போவனும் தலைமை வகித்தார்கள். ஒரு பொது நீதிமன்றம் தனியார் நன்கொடையில் இயங்கிய விந்தை இது.

விசாரணைக்குக் காத்திருக்கும் சிறுவர்களைத் தங்க வைப்பது அடுத்த சிக்கல். சிறையில் வைக்காதே என்று சொன்ன சட்டம், வேறெங்கே வைப்பது என்று சொல்லவில்லை. மேற்கு ஆடம்ஸ் தெருவில் குழுவே ஒரு வீட்டை எடுத்துக் கூர்நோக்கு இல்லமாக நடத்தியது. நகராட்சியும் கவுண்டியும் கொஞ்சம் கொடுத்தன. துண்டு விழுந்ததைக் குழு நிரப்பியது.

அலுவலர்களுக்குக் கவுண்டியே சம்பளம் தரலாம் என்ற திருத்தச் சட்டம் 1905-இல் வந்தது. அது நிறைவேறிய விதத்தைப் போவன் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். செல்வாக்கு மிக்க அரசியல்வாதி ஒருவரிடம் ஆதரவு கேட்டபோது, அவர் உடனே தலைநகரில் இருந்த தம் ஆளைத் தொலைபேசியில் கூப்பிட்டு அந்த மசோதாவை நிறைவேற்றச் சொன்னாராம். அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று மறுமுனையில் கேள்வி. ஒன்றுமில்லை, தெரிந்த அம்மாள் ஒருவர் கேட்கிறார் என்று பதில். மசோதா நிறைவேறியது. இது கெட்ட சட்டமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போவனுக்கே நடுக்கம் வந்ததாம்.

1907-இல் ஹல் ஹவுஸுக்கு அருகே ஈவிங் தெருவில் நீதிமன்றத்துக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குமாகச் சேர்த்துப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. செலவு முழுதும் பொதுக் கணக்குக்கு மாறியது. தனியார் தொடங்கி, பயன் நிரூபணமானபின் அரசு ஏற்பது என்பது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நீதிமன்றத்துக்கு வரும் சிறுவர்களை மருத்துவ, உளவியல் முறையில் ஆராயும் நிலையம் ஒன்றை 1909-இல் மருத்துவர் வில்லியம் ஹீலி தொடங்கினார். எத்தல் ஸ்டர்ஜிஸ் டம்மர் என்ற பெண்மணி ஐந்தாண்டுச் செலவை ஏற்றுக்கொண்டார். 1914-இல் கவுண்டியும், 1917-இல் மாநிலமும் அதை எடுத்துக்கொண்டன.

கவுண்டித் தலைவரும் நீதிபதியும்

சம்பளம் கொடுப்பவருக்கு அதிகாரம் கேட்கத் தோன்றும். 1910 தேர்தலில் கவுண்டி மன்றத் தலைவரான பீட்டர் பார்ட்சன், சிறார் நீதிமன்றம் ஏழைப் பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பறிக்கிறது என்று வெளிப்படையாகத் தாக்கினார். நாளேடுகள் சிலவும் சேர்ந்துகொண்டன. தலைமை நன்னடத்தை அலுவலர் ஜான் விட்டர் மீது விசாரணை வைக்கப்பட்டு 1911-இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

பார்ட்சனின் குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அந்நாளைய நீதிமன்றத்தில் சிறுவனுக்கு வழக்கறிஞர் இல்லை. குடியேறிகளாகிய பெற்றோருக்கு நடப்பது முழுதும் புரிந்ததா என்பதும் ஐயம். எனினும் அவர் கேட்டது அந்தப் பெற்றோருக்கான உரிமையை அல்ல, பதவிகளை நிரப்பும் உரிமையைத்தான். விட்டரின் வழக்கு இலினாய் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நன்னடத்தை அலுவலர்கள் நீதிபதியின் உதவியாளர்கள். அவர்களை அமர்த்துவதும் நீக்குவதும் நீதித்துறையின் வேலை. நிர்வாகத்துறை அதில் தலையிட முடியாது என்று 1912-இல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டுத் தேர்தலில் பார்ட்சன் தோற்றார்.

சம்பளம் கவுண்டியுடையது, ஊழியர் நீதிபதியுடையவர் என்ற இந்த ஏற்பாடு இன்றும் பூசலைக் கிளப்புகிறது. 2017-இல் கவுண்டி கொண்டுவந்த குளிர்பான வரி பொதுமக்கள் எதிர்ப்பால் சில மாதங்களிலேயே கைவிடப்பட்டது. பட்ஜெட்டில் பள்ளம் விழுந்தது. மன்றம் ஆட்குறைப்புச் செய்தது. தம் நீதிமன்ற ஊழியரை நீக்க மன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தலைமை நீதிபதி டிமதி எவன்ஸ் மன்றத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். இடைக்காலத் தடை கிடைத்தது; பிறகு பேசித் தீர்த்துக்கொண்டார்கள். 105 ஆண்டு இடைவெளியில் ஏறக்குறைய ஒரே வாதம்.

அதே 1911-இல் இலினாய் இன்னொரு சட்டமும் இயற்றியது. வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு குழந்தையை அநாதை இல்லத்துக்கு அனுப்புவதைவிட, அந்தப் பணத்தைத் தாயிடமே கொடுத்துக் குழந்தையை வீட்டில் வைத்திருக்கலாம் என்பது அதன் கருத்து. மாநிலம் முழுமைக்கும் பொருந்திய அமெரிக்காவின் முதல் தாய்மார் உதவித்தொகைச் சட்டம் இதுவே. பணம் கவுண்டியுடையது, பெறுபவரைத் தேர்ந்தெடுப்பது சிறார் நீதிமன்றம். விண்ணப்பங்கள் குவிந்தன. இரண்டே ஆண்டில், 1913-இல், சட்டம் திருத்தப்பட்டுக் கணவனால் கைவிடப்பட்டவர்களும் குடியுரிமை பெறாதவர்களும் விலக்கப்பட்டார்கள். குடியேறிகள் நிறைந்த சிகாகோவில் இந்த விலக்கு எத்தனை அடுப்புகளை அணைத்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

உரிமைக்கும் செலவு உண்டு

சிகாகோ மாதிரி விரைவாகப் பரவியது. கால் நூற்றாண்டுக்குள் அமெரிக்க மாநிலங்கள் ஏறக்குறைய எல்லாமும் சிறார் நீதிமன்றச் சட்டம் இயற்றிவிட்டன. இங்கிலாந்தில் 1908-இலும், அந்தச் சட்டத்தை ஒட்டிச் சென்னை மாகாணத்தில் 1920-இலும் சிறார் சட்டங்கள் வந்தன. இந்தியாவில் சென்னைச் சட்டமே முதலாவது.

பெற்றோர் இடத்தில் நிற்கும் நீதிபதி என்ற கருத்து 1967-இல் பெரிய அடி வாங்கியது. அரிசோனா மாநிலத்தில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாகச் சொல்லி, 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்க உத்தரவிடப்பட்டான். அதே குற்றத்துக்குப் பெரியவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது 50 டாலர் வரை அபராதம் அல்லது இரண்டு மாதம் வரை சிறை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, காவலில் வைக்கப்படக்கூடிய சிறுவனுக்கு வழக்கறிஞர் உரிமை உண்டு என்றது. உரிமையை வழங்கியது வாஷிங்டன். வசதியற்ற சிறுவனுக்கு வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும் சுமை மாநிலங்களின் மேலும் கவுண்டிகளின் மேலும் விழுந்தது.

இதைவிட நுட்பமான பணச் சிக்கல் ஒன்று நெடுநாள் கவனிக்கப்படாமல் இருந்தது. இலினாயில் ஒரு சிறுவனை ஊரிலேயே வைத்து ஆலோசனை, சிகிச்சை, கண்காணிப்பு அளித்தால் செலவில் பெரும்பங்கு கவுண்டியுடையது. நன்னடத்தை அலுவலர் சம்பளத்தில் ஒரு பகுதியை மாநிலம் திருப்பித் தந்தாலும், அது பல ஆண்டுகளில் குறைவாகவே வந்தது. அதே சிறுவனை மாநிலத்தின் சீர்திருத்தச் சிறைக்கு அனுப்பிவிட்டால் கவுண்டிக்குச் செலவே இல்லை. வசதி குறைந்த கவுண்டியில் நீதிபதிக்கு மனம் இருந்தாலும் வழி இல்லை. இந்தக் கோணலை நிமிர்த்த 2004-இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மாநிலச் சிறைக்கு அனுப்பும் சிறார் எண்ணிக்கையைக் கடந்த மூன்றாண்டுச் சராசரியிலிருந்து 25 விழுக்காடு குறைப்பதாக ஒப்புக்கொள்ளும் கவுண்டிகளுக்கு, உள்ளூர்ச் சேவைக்கு மாநிலமே பணம் தரும். மேக்கன், செயின்ட் கிளேர், பியோரியா ஆகிய கவுண்டிகளும் தென் இலினாயின் ஒரு நீதி வட்டமும் முதலில் சேர்ந்தன. செலவு எந்தப் பேரேட்டில் ஏறுகிறது என்பதை மாற்றியதும் பையன்கள் போகும் இடமும் மாறத் தொடங்கியது.

ஆடி இல்லம்

குக் கவுண்டியின் இன்றைய கூர்நோக்கு இல்லம் சிகாகோவின் தெற்கு ஹாமில்டன் சாலையில் 1973-இல் திறக்கப்பட்டது. முன்னாள் கண்காணிப்பாளர் ஆர்தர் ஆடியின் பெயரால் மக்கள் அதை 'ஆடி இல்லம்' என்றே அழைத்தார்கள். 498 பேருக்காகக் கட்டப்பட்ட இடத்தில் 1990-களின் நடுவில் 700-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

நெரிசலைக் குறைக்க அப்போது கவுண்டி செய்த ஒரு வேலை பாராட்டத்தக்கது. ஆனி கேசி அறக்கட்டளையின் உதவியோடு, யாரை உள்ளே வைப்பது என்பதற்கு மதிப்பெண் முறை வகுத்தார்கள். 1995 முதல் மாலை நேர மையங்கள் வந்தன. பள்ளி விட்டபின் தொடங்கி இரவு வரை, சிறுவர் வழிதவறும் வாய்ப்பு மிகுந்த நேரத்தில், அவரவர் பகுதியிலேயே சாப்பாடும் பாடமும் விளையாட்டுமாக வைத்திருந்து வீட்டில் கொண்டுவிடும் ஏற்பாடு. உள்ளே இருப்போர் எண்ணிக்கை இறங்கியது.

உள்ளே நடந்தது வேறு. அழுக்கு, போதாத மருத்துவம், ஊழியர்களின் வன்முறை என்று குற்றம்சாட்டி 1999-இல் மனித உரிமை அமைப்பு ஒன்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2002-இல் கவுண்டி சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது, நிறைவேற்றவில்லை. இல்லத்து வேலைகள் அரசியல் சிபாரிசில் கொடுக்கப்பட்டன என்பது அன்றைய முக்கியப் புகார். 1899-இல் அந்தப் பெண்கள் அஞ்சியது இதைத்தான். 2007-இல் நீதிமன்றம் நிர்வாகத்தைக் கவுண்டியிடமிருந்து எடுத்து ஏர்ல் டன்லப் என்ற சிறார் காவல் வல்லுநரிடம் கொடுத்தது. பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் ஊழியருக்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்று அவர் நிபந்தனை வைத்தபோது தொழிற்சங்கம் எதிர்த்து நீதிமன்றம் போனது. நீண்டநாள் ஊழியர்களின் பிழைப்பு என்ற அவர்கள் பக்கத்து நியாயத்தையும் மறுப்பதற்கில்லை. 2008 முதல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம் இல்லத்தின் நிர்வாகத்தைத் தலைமை நீதிபதி அலுவலகத்துக்கு மாற்றியது. டன்லப்பின் பொறுப்பு 2015-இல் முடிந்தது. செலவு மட்டும் கவுண்டி மன்றத்திடமே இருக்கிறது.

பெரியவர் சிறை

சிகாகோவின் 26-ஆம் தெருவும் கலிபோர்னியா சாலையும் சந்திக்கும் இடத்தில் உள்ள கவுண்டி சிறை 1929-இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் மிகப்பெரிய ஒற்றை வளாகச் சிறைகளில் ஒன்று அது. அங்கு இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள்.

நெரிசல் பற்றிய வழக்கு 1974-இல் தொடங்கியது. 1982-இல் கவுண்டி ஓர் ஒப்பந்த ஆணைக்கு உட்பட்டது. ஆனாலும் படுக்கை இல்லாமல் தரையில் படுத்தவர்கள் குறையவில்லை. நீதிமன்றம் கவுண்டிக்கு அபராதம் விதித்தது; கவுண்டி புதிய பிரிவுகளைக் கட்டிக்கொண்டே போனது; கட்டியவை நிரம்பின. நீதிபதிகள் பிணைத்தொகையைக் குறைக்காத வரை, மன்றம் எத்தனை கட்டடம் கட்டினாலும் ஷெரிப்பால் ஒருவரையும் வெளியே அனுப்ப முடியாது. 2008-இல் மத்திய நீதித்துறை சிறையின் நிலைமையைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை அனுப்ப, 2010-இல் இன்னோர் ஒப்பந்த ஆணை வந்தது.

உண்மையான திருப்பம் நீதிபதிகள் பக்கத்திலிருந்து வந்தது. குற்றம்சாட்டப்பட்டவரால் கட்ட முடிகிற தொகையையே பிணையாக விதிக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி 2017-இல் ஆணையிட்டார். 2013 வாக்கில் 10,000-ஐ ஒட்டியிருந்த கைதிகள் எண்ணிக்கை, அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது; ஆணைக்குப் பின் 6,000 அளவுக்கு இறங்கியது. 2023 செப்டம்பர் 18 முதல் இலினாய் பணப் பிணையையே ஒழித்துவிட்டது. அமெரிக்க மாநிலங்களில் அதை முழுமையாகச் செய்தது இலினாய்தான் முதலில்.

பதின்மூன்று வயது

2018 செப்டம்பரில் குக் கவுண்டி மன்றம் ஓர் ஊராட்சிச் சட்டம் இயற்றியது. 13 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையையும் கவுண்டியின் கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கக்கூடாது என்பது அதன் ஒரே கட்டளை. மன்றம் பணம் கொடுத்து நடத்தும் கட்டடம் அது. ஆனால் 10 வயதிலிருந்தே காவலில் வைக்கலாம் என்று மாநிலச் சட்டம் இருந்தது. கவுண்டியின் கட்டளை மாநிலச் சட்டத்தை மீற முடியாது என்று தலைமை நீதிபதி அலுவலகம் கருதியது. நீதிபதிகள் மாநிலச் சட்டப்படியே நடந்தார்கள். 10, 11, 12 வயதுப் பிள்ளைகள் அந்தச் சட்டத்துக்குப் பிறகும் ஹாமில்டன் சாலைக் கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டார்கள், அவர்களுடைய சாப்பாட்டுக்கும் காவலுக்குமான தொகையை மன்றம் வழக்கம்போல் பட்ஜெட்டில் ஒதுக்கியது.